வாசலுக்கு உள்ளே டீச்சர்

பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருப்பவள் தன் பிள்ளையையும் அதே பள்ளிக்கூடத்தில் சேர்த்தால், முதல் நாளே ஒரு சட்டம் போட்டுவிடுவாள். வாசலுக்கு உள்ளே நான் டீச்சர், வாசலைத் தாண்டினால்தான் அம்மா. காரைக்குடியில் மட்டுமில்லை, எந்த ஊர் டீச்சரும் இதைத்தான் சொல்வாள். மற்றப் பிள்ளைகள் 'அவளுக்கு மட்டும் சலுகை' என்று பேசிவிடக் கூடாதாம். நல்ல சட்டம்தான், யார் இல்லையென்றது? ஆனால் எந்தப் பிள்ளை அதை ஒழுங்காகக் காப்பாற்றியது, சொல்லுங்கள் பார்ப்போம்? மூணாங்கிளாஸ் அக்கம்மாள் டீச்சருக்கு ஒரு மகன், வயிரவன், இரண்டாங்கிளாஸ். பசி வந்தால் போதும், ஜெபம் நடக்கிறதா பாடம் நடக்கிறதா என்று பார்க்க மாட்டான், "எம்மா!" என்று கத்திக்கொண்டு வந்து சேலையைப் பிடிப்பான். பள்ளிக்கூடமே சிரிக்கும். அக்கம்மாளும் அவன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுச் சேர்ந்து சிரிப்பாள்.

அஞ்சாங்கிளாஸ் சந்தனமேரி டீச்சரின் மகள் ஜெரினா மட்டும் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஒண்ணாங்கிளாஸில் சேர்த்த அன்று சொன்னது, இப்போது மூணாங்கிளாஸ். காலையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வருவாள். வாசலில் கால் பட்டதும் கையை விட்டுவிடுவாள். "குட்மார்னிங் டீச்சர்" என்பாள், எங்கோ சுவரைப் பார்த்தபடி. அப்புறம் சாயங்காலம் வாசலைத் தாண்டிய அடுத்த அடியில்தான் "அம்மா" என்ற சொல் அவள் வாயில் வரும். விட்ட இடத்திலிருந்து காலையில் பேசிய பேச்சைத் தொடருவாள்.

"எம் மகளைப் பாருங்க, சொன்னாச் சொன்னதுதான்" என்று சந்தனமேரி மற்ற டீச்சர்களிடம் பீற்றிக்கொள்வாள். பாவம், மகளைப் பற்றிப் பீற்றிக்கொள்ள அவளுக்கு வேறென்ன இருந்தது!

மற்றதெல்லாம் அவளுக்கு மானக்கேடாகவே பட்டது. தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் மணி அடித்தால் ஜெரினா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். வரிசையில் அவளுக்கு முன்னால் எப்போதும் அதே பிள்ளைதான் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து வரவில்லையா, தொலைந்தது, அன்றைக்கு இவள் இடத்தைவிட்டு நகர மாட்டாள். "எல்லாரும் வாயை மூடுங்க" என்று அக்கம்மாள் அதட்டினால், அதே குரலில், அதே இழுப்பில், "எல்லாரும் வாயை மூடுங்க" என்று திருப்பிச் சொல்வாள். பிள்ளைகள் கொல்லென்று சிரிக்கும். அக்கம்மாளுக்கு மூக்கு சிவக்கும், ஸ்கேலை எடுப்பாள். பதினாறாம் வாய்ப்பாடு வரை தண்ணீர்பட்ட பாடாகச் சொல்லுகிற பிள்ளை, முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாது என்றால் யார்தான் நம்புவார்கள்? திமிர் என்றார்கள். டீச்சர் மகள் என்ற கொழுப்பு என்றார்கள். சந்தனமேரி உள்ளே வந்தால் பேச்சை மாற்றினார்கள். அவளுக்கு அது இன்னும் வெட்கமாக இருந்தது.

போன மே மாதம் அவளும் கணவன் லூர்து பிரகாஷும் பிள்ளையை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் சிவகங்கையில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். அங்கே யாரோ ஒரு குழந்தை டாக்டரைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் நல்ல மனிதர். நெடுநேரம் ஜெரினாவோடு தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கினார். அப்புறம் 'ஆட்டிசம்' என்று ஒரு பெயர் சொன்னார்.

"இது திமிரு இல்லம்மா, பைத்தியமும் இல்ல. இந்தப் பிள்ளையோட மூளை வேற மாதிரி வேலை செய்யுது. நமக்குச் சின்னதாக் கேக்குற சத்தம் இவளுக்கு இடி மாதிரி விழும். சொன்னதைச் சொன்னபடியேதான் எடுத்துக்குவா. பள்ளிக்கூடத்துல சொல்லி வைங்க. கதவோரமா உக்காத்தி வைக்கட்டும், மணி அடிக்க முன்னாடி ஒரு வார்த்தை சொல்லட்டும், கையை மட்டும் ஓங்க வேணாம். நீங்களே டீச்சரு. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சந்தனமேரி தலையை ஆட்டினாள். பஸ்ஸில் வரும்போது லூர்து பிரகாஷ், "அக்கம்மா டீச்சர்ட்ட முதல்ல சொல்லிரு" என்றான். "சொல்லாம? பள்ளிக்கூடம் திறக்கட்டும்" என்றாள்.

பள்ளிக்கூடம் திறந்தது. ஜூன் போனது, ஜூலை போனது. சொன்னாளா? சொல்லவில்லை. தலைமையாசிரியை சிஸ்டர் ஏற்கெனவே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "அரைப்பரீட்சை வரைக்கும் பாப்போம் டீச்சர். சரியா வரலைன்னா வேற இடம் பாத்துக்கங்க." அந்தப் பெயரைச் சொன்னால் அரைப்பரீட்சை வரைக்கும்கூட வைத்திருக்க மாட்டார்களே என்ற பயம் பாதி. நல்லாசிரியை என்று பெயரெடுத்தவளுக்கு இப்படி ஒரு மகளா என்று நாலு பேர் உச்சுக்கொட்டுவார்களே என்ற வெட்கம் பாதி. எது கூட, எது குறைச்சல் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வீட்டில் கணவன் கேட்டபோதெல்லாம், "நேரம் பாத்துச் சொல்றேன், நீங்க சும்மா இருங்க" என்று வாயை அடைத்தாள்.

நவம்பரில் கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவதாகத் தகவல் வந்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள், படங்களை மாட்டினார்கள், பிள்ளைகளுக்கு வணக்கம் சொல்லிப் பழக்கினார்கள். சந்தனமேரிக்கு மகள் நினைப்பாகவே இருந்தது. அதிகாரி முன்னால் மகள் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்தால்? அவர் பேச்சையே திருப்பிச் சொன்னால்? அன்று காலையில், "இன்னைக்கு நீ வீட்டுல இருத்தா, அப்பாவும் லீவு போட்டிருக்காரு" என்று கெஞ்சிப் பார்த்தாள்.

"இன்னைக்குச் செவ்வாக்கிழமை. பள்ளிக்கூடம் உண்டு" என்று ஜெரினா யூனிபார்மைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவளை அதற்கு மேல் அசைக்க முடியாது.

அந்தப் பள்ளிக்கூடம் ஒரு பழைய செட்டியார் வீட்டில் நடந்தது. நடுவில் வானம் பார்த்த வளவு, சுற்றிலும் தூண்கள், தூண்களை ஒட்டி வகுப்புகள். பின்கட்டில் ஓர் அறை உண்டு. கிழிந்த மேப்பு, காற்றுப்போன பந்து, கால் உடைந்த பெஞ்சு எல்லாம் அங்கேதான் போகும். ஜெரினாவை அங்கே உட்காத்தி வைக்கலாம் என்று சந்தனமேரிதான் சொன்னாள். அக்கம்மாள் மாட்டேன் என்று சொல்லவில்லை. "நல்லதாப் போச்சு மேரி. அந்த ஆளு முன்னாடி அவ கத்துனா எம் பேருல்ல நாறும்" என்றாள்.

சந்தனமேரி மகளை அழைத்துப்போய், நசுங்கிப்போன ஒரு உலக உருண்டையைக் கையில் கொடுத்தாள். "டீச்சர் வந்து கூப்பிடுற வரைக்கும் இங்கேயே இருக்கணும். அவசரமா வெளிய வரணும்னா பர்மிஷன் கேட்டுட்டுத்தான் வரணும். சரியா?"

"சரிங்க டீச்சர்."

கதவைச் சாத்தினாள். பூட்டவில்லை. இந்தப் பிள்ளைக்குப் பூட்டு எதற்கு?

ஏ.இ.ஓ. வந்தார். மனிதர் கடுகடுப்பானவரில்லை, சிரித்த முகம். அஞ்சாங்கிளாஸில் பின்னக் கணக்குக் கேட்டார். பிள்ளைகள் பட்பட்டென்று சொன்னார்கள். எல்லாம் முடிந்து வளவில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் காப்பியும் கொடுத்தார்கள். சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், டீச்சர்கள் சுற்றி நின்றார்கள். "சந்தனமேரி டீச்சர் கிளாஸ் மாதிரி இந்த வட்டாரத்துல நான் பாக்கல" என்று அவர் சொல்ல, சந்தனமேரிக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அப்போதுதான் பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

"டீச்சர், வெளிய வரலாமா டீச்சர்?"

ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. மறுபடியும் வந்தது. அதே குரல், அதே இழுப்பு. "டீச்சர், வெளிய வரலாமா டீச்சர்? டீச்சர், வெளிய வரலாமா டீச்சர்?"

ஏ.இ.ஓ. பணியாரத்தை வாயருகே நிறுத்தினார். "என்ன சிஸ்டர், உள்ள டேப் ரிக்கார்டர் ஓடுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரித்தார், அக்கம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "யாரு பிள்ளைம்மா அது?" என்று அவர் கேட்டார். கேட்டது பொதுவாகத்தான். ஆனால் அவர் கண் சந்தனமேரி மேல் இருந்தது.

"மூணாங்கிளாஸ் பிள்ளை சார்" என்றாள் சந்தனமேரி. "அது அப்படித்தான். சொன்னதையே சொல்லிக்கிட்டு இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒப்புக்கு உதட்டை விரித்த சிரிப்பில்லை அது. வாய்விட்டு, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். பெற்ற பிள்ளையை 'அது' என்று சொன்ன வாய் கூசவேயில்லை. உள்ளே குரல் வேகமெடுத்தது, ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தது, பிறகு நின்றுபோனது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அதிகாரி எழுந்து சிஸ்டர் அறைக்குப் போனதும் அவள் பின்கட்டுக்குப் போனாள். அவசரமாகக்கூடப் போகவில்லை. கதவைத் திறந்தாள்.

ஜெரினா கதவுக்கு நேரே, பழக்கியபடி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். வலது காது வீங்கித் தொங்கியது. நெற்றியில், கண்ணிமையில், மேலுதட்டில் தடித்தடியாக வீக்கம். மூலையில் கவிழ்ந்து கிடந்த பெஞ்சுக்கு அடியில் கூடு கட்டியிருந்த குளவிகள் அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தன. உலக உருண்டை உருண்டுபோய்க் கூட்டின்மேல் இடித்திருக்க வேண்டும். பிள்ளையின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. உதடு வீங்கியதால் பேச்சு குழறியது.

"டீச்சர், வெளிய வரலாமா டீச்சர்?"

"ஐயோ! வாத்தா, வா, வா!" சந்தனமேரி இழுத்து அணைத்தாள். ஜெரினா உடம்பை விறைத்துக்கொண்டு விலகி நின்றாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் யாரையும் கட்டிப்பிடிக்கக் கூடாதே! அவளுக்குத் தெரியாதா?

சத்துணவு ஆயா ஓடிவந்து சுருக்குப்பையிலிருந்த சுண்ணாம்பை எடுத்துத் தடவினாள். "அடி ஆத்தீ, எத்தனை கொட்டு! கதவு சும்மாதானே சாத்தியிருந்துச்சு? தள்ளிட்டு ஓடியாந்திருக்கக் கூடாதா? ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா இந்தப் பிள்ளை?"

சத்தம் போட்டாள் என்று சொல்லச் சந்தனமேரிக்கு நாக்கு எழவில்லை. ஆயாவையும் கூட்டிக்கொண்டு, டாக்டரிடம் போக மகளை வாசலுக்கு நடத்தினாள். வழியெல்லாம் ஜெரினா வாயே திறக்கவில்லை.

வாசலைத் தாண்டினார்கள். அடுத்த அடியில் பிள்ளை உடைந்துபோனாள்.

"அம்மா! குளவி கொட்டிருச்சும்மா! காதுல கொட்டிருச்சும்மா! எரியுதும்மா!" அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கதறினாள். எவ்வளவு நேரமாக அடக்கி வைத்திருந்த அழுகையோ! சந்தனமேரி தெருமண்ணில் மண்டிபோட்டு அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆட்டோவைக் கூப்பிட ஆயா கையை நீட்டினாள்.

"நான் கூப்பிட்டேம்மா" என்றாள் ஜெரினா விக்கலுக்கு நடுவில். "பர்மிஷன் கேட்டேன். நிறையத் தடவை கேட்டேன். டீச்சர் வரல. டீச்சர் சிரிச்சாக."

"எந்த டீச்சர்?" என்று கேட்டாள் சந்தனமேரி. கேட்டவளின் மனசைப் பாருங்கள், அக்கம்மாள் பெயர் வந்துவிடாதா என்று அந்த நேரத்திலும் ஒரு நப்பாசை.

"சந்தனமேரி டீச்சர். அவுக சிரிப்பு எனக்குத் தெரியும்."

சந்தனமேரி தலையைக் குனிந்துகொண்டாள். ஆயா வேறுபக்கம் பார்த்தாள்.

"நீ போயிக் கேளும்மா" என்றாள் மகள். "எங்க கிளாஸ் பெத்தனை டீச்சர் அடிச்சதுக்கு அவுக அம்மா வந்து கேட்டாகள்ல, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி? அது மாதிரி போயிக் கேளு."

"முதல்ல டாக்டர்ட்டப் போவோம்த்தா, வீங்குது பாரு."

"முதல்ல கேளு. இல்லாட்டி நான் இனிமே பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டேன்." இரண்டு காலையும் தெருவில் ஊன்றி நின்றுவிட்டாள்.

சொன்னால் சொன்னதுதான். சந்தனமேரிக்குத் தெரியாதா? எழுந்தாள். முட்டியில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டவில்லை. மகளின் கையை ஆயாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே நடந்தாள்.

வளவில் ஏ.இ.ஓ. விடைபெற்றுக்கொண்டிருந்தார். டீச்சர்கள் வரிசையாகக் கும்பிட்டு நின்றார்கள். சந்தனமேரி அந்த வரிசையில் போய் நிற்கவில்லை. நடுவளவில் வந்து நின்றாள்.

"சிஸ்டர், ஜெரினாவோட அம்மா வந்திருக்கேன்."

சிஸ்டர் முகம் சுளித்தார். "என்ன டீச்சர் இது, சார் முன்னாடி?"

"சார் இருக்கட்டும் சிஸ்டர். உங்க சந்தனமேரி டீச்சரைக் கேக்க வந்திருக்கேன்." முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "எம் பிள்ளை சார் கண்ணுல பட்டா மானம் போயிரும்னு அவளைக் குப்பையோட குப்பையா உள்ள வச்சாளே, அவ மனுசியா? குளவி கொட்டக் கொட்ட எம் பிள்ளை பர்மிஷன் கேட்டுக்கிட்டு நின்னுருக்கு. இவ இங்க நின்னு சிரிக்கிறா. யாரு பிள்ளைன்னு சார் கேட்டாரு. எம் பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல இவளுக்கு."

ஏ.இ.ஓ. முகத்தில் ஈயாடவில்லை. "நான் ஏதோ விளையாட்டா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

சந்தனமேரி மதுரை டாக்டர் சொன்ன பெயரைச் சொன்னாள். சத்தத்தைப் பற்றிச் சொன்னதை, கதவோரம் உட்காத்தச் சொன்னதை, அடிக்க வேண்டாமென்று சொன்னதை, ஒன்றுவிடாமல் எல்லோர் முன்னாலும் ஒப்பித்தாள். அரைப்பரீட்சைக்குப் பிறகு வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் உங்கள் இஷ்டம், ஆனால் அவள் திமிர் பிடித்தவள் என்று மட்டும் இனி யாரும் சொல்லாதீர்கள் என்றாள்.

சிஸ்டர் அதிகாரியைப் பார்த்தார், சந்தனமேரியைப் பார்த்தார். பிறகு, "பிள்ளைக்கு முதல்ல வைத்தியம் பாருங்க. சரியானதும் கூட்டிட்டு வாங்க. டாக்டர் சொன்னதை எல்லா டீச்சருக்கும் இன்னொரு தடவை உக்காந்து சொல்லுங்க. அனுப்புற பேச்சு இனி வேணாம்" என்றார்.

திரும்பப்போனவளை அக்கம்மாள் மறித்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அந்த டாக்டரு எப்பச் சொன்னாரு மேரி?"

"மே மாசம்."

"ஜூன் மாசத்துலருந்து நான் அடிக்கிறேன்டி. காதைப் பொத்துனா அடிச்சேன். நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னாத் திமிருன்னு அடிச்சேன். நேத்துக்கூட முட்டியிலயே போட்டேன்." அக்கம்மாளுக்கு அழுகை முட்டியது. "எனக்குத் தெரியாது. ஆனா நீ பக்கத்துக் கிளாஸுலதானே இருந்த? அந்தச் சத்தம் உனக்குக் கேக்கவே இல்லையா?"

பொய் சொல்ல இனி என்ன இருந்தது! "கேட்டுச்சு" என்றாள் சந்தனமேரி.

அக்கம்மாள் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வழியை விட்டாள். இத்தனை வருஷம் தன்னை அப்படி யாரும் பார்த்ததில்லை என்று சந்தனமேரிக்குத் தோன்றியது. கூனிக் குறுகி வெளியே வந்தாள்.

ஆட்டோ காத்துக்கொண்டிருந்தது. ஜெரினா நின்ற இடத்திலேயே நின்றாள். ஒரு கண் மூடிக்கொள்ளும் அளவுக்கு வீங்கிவிட்டது.

"கேட்டியாம்மா?"

"கேட்டேன்."

"டீச்சர் என்ன சொன்னாக?"

"தப்புன்னு சொன்னாக."

"அழுதாகளா?"

சந்தனமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ம். அழுதாக."

ஜெரினா ஆட்டோவில் ஏறி ஓரமாக உட்கார்ந்தாள். சுண்ணாம்பு பூசிய முகத்தோடு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ரொம்பத் திட்டிட்டியா?"

"திட்டுனது பத்தாது."

"போதும்மா, பாவம். யாரு பிள்ளைன்னு அந்த சார் கேட்டப்ப, மூணாங்கிளாஸ் பிள்ளைன்னுதான் சொன்னாக. நான் உம் மகள்னு அவுகளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருப்பாக."